அமெரிக்க வரலாறு: ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம் ஒரு நூலகத்தில் ஞாயிறு மதியம் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். சிட்டிசன்ஷிப் தேர்வுக்குப் படிப்பவர்கள், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தில் மாட்டிக்கொண்டவர்கள், ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் என்று கலவையான கூட்டம். நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. முதலில் தேர்வு எழுதியவன் என்பதால் சாக்பீஸ் என் கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் தொண்டைத் தண்ணீராவது மிஞ்சும் என்று இதை எழுதுகிறேன்.

128 கேள்விகளையும் மனப்பாடம் செய்தால் போதாதா? வரலாறு எதற்கு?

தேர்வுக்குப் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட பட்டியல். அதிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொன்னால் தேறிவிடலாம். வேலைக்குப் போகும் வழியில் காரில் கேட்டுக்கொண்டே போனால்கூட மனதில் நின்றுவிடும்.

ஆனால் பட்டியல் பெரும்பாலும் 'என்ன', 'யார்' என்றுதான் கேட்கும். அதிபர் தேர்தல் நவம்பரில் என்பது விடை. வேலை நாளான செவ்வாய்க்கிழமையில் எதற்காக வைத்தார்கள்? 1845இல் போட்ட சட்டம் அது. நவம்பர் என்றால் அறுவடை முடிந்திருக்கும், கடும் பனி தொடங்கியிருக்காது. ஞாயிறு தேவாலயம், புதன் பல ஊர்களில் சந்தை. குதிரை வண்டி கட்டிக்கொண்டு ஒரு நாள் பயணம் செய்து ஓட்டுப் போட வேண்டிய விவசாயிக்குச் செவ்வாய்தான் தோது. அந்த விவசாயி போய்விட்டார், குதிரையும் போய்விட்டது, செவ்வாய் மட்டும் நிற்கிறது. இந்த நாட்டில் நமக்கு விநோதமாகத் தெரியும் பல விஷயங்கள் இப்படித்தான். என்றோ ஒரு நெருக்கடிக்குச் செய்த ஏற்பாடு, அதன் காரணம் போன பிறகும் கலைக்க ஆளில்லாமல் கிடக்கும்.

எந்த ஆண்டிலிருந்து ஆரம்பிப்பது? 1492? 1776?

உங்கள் வீட்டுத் தபாலிலிருந்து ஆரம்பியுங்கள். சம்பளச் சீட்டை எடுங்கள். மருத்துவக் காப்பீட்டுக்கென்று ஒரு பிடித்தம் இருக்கும். வேலை போனால் காப்பீடும் போகிறதே, ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், விலைவாசி ஏறாமல் இருக்க அரசு சம்பள உயர்வுக்குக் கடிவாளம் போட்டது. ஆட்களோ போர்முனையில், தொழிற்சாலைகளில் ஆள் பஞ்சம். சம்பளத்தைக் கூட்ட முடியாத முதலாளிகள் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தார்கள், ஏனென்றால் அந்தக் கட்டுப்பாட்டில் அது அடங்கவில்லை. 1954 வரிச் சட்டம் அதற்கு வரி கிடையாது என்று உறுதி செய்தது. போர் மூன்றே ஆண்டில் முடிந்தது. ஏற்பாடு முடியவில்லை. லே-ஆஃப் செய்தி வந்ததும் நம் ஆட்கள் முதலில் விசாவை நினைத்துக் கலங்குகிறார்கள், அடுத்த நிமிடம் காப்பீட்டை. இரண்டுமே பழைய கதைகள்.

இப்படி நாலு கேள்வியைப் பிடித்துப் பின்னோக்கிப் போய்விட்டு, அப்புறம் 1776க்கு வாருங்கள். அப்போது தேதிகள் தானாக ஒட்டும்.

கிரீன் கார்டு வரிசை இந்தியர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நீளம்?

வகுப்பில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெருமூச்சோடு கேட்கப்படும் கேள்வியும் இதுதான்.

வேலை வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கும் அதே வரம்பு, நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு. இது நமக்கு அநியாயமாகப் படுகிறது. இந்த யோசனை பிறந்ததோ ஓர் அநியாயத்தைச் சரிசெய்யத்தான்.

1917 சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே இருப்பவர்கள் குடியேற முடியாது என்றது. இந்தியா அதற்குள். 1924 சட்டம் ஐரோப்பியர்களையும் தரம் பிரித்தது. 1890 மக்கள்தொகைக் கணக்கில் எந்த நாட்டார் எத்தனை பேர் இருந்தார்களோ அதில் 2 சதவீதம்தான் இனி ஆண்டுக்கு வரலாம் என்றது. ஏன் அவ்வளவு பழைய கணக்கு? இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் பெரும் எண்ணிக்கையில் வந்தது அதற்குப் பிறகு. அவர்களைக் கழிக்கவே பழைய ஏட்டைப் புரட்டினார்கள்.

அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் புரூக்ளினிலிருந்து புதிதாக வந்திருந்த உறுப்பினர் இமானுவேல் செல்லர். அவர் விடவில்லை. 1946இல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீட்டையும், குடியுரிமை பெறும் தகுதியையும் தந்த சட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. 1965 சட்டத்திலும் இருக்கிறது. நாற்பத்தொரு ஆண்டு ஒரே பிடி. அந்த 1965 சட்டம்தான் பிறந்த நாட்டை வைத்துத் தரம் பிரிக்கும் ஒதுக்கீட்டை ஒழித்தது. எல்லா நாடும் சமம் என்று காட்ட, அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியே உள்ள நாடுகளுக்கு ஒரே உச்சவரம்பு வைத்தார்கள்: ஆண்டுக்கு 20,000. 1990இல் அது 7 சதவீதக் கணக்காக மாறியது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா வந்ததும் அதே 1990 சட்டத்தில்தான். ஒரு கதவை அகலமாகத் திறந்து, அடுத்த கதவை அதே அளவில் விட்டார்கள். நடுக்கூடத்தில் நிற்கிறோம்.

1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் கையெழுத்துப் போட்ட அதிபர் ஜான்சன், இது புரட்சிகரமான சட்டம் அல்ல, லட்சக்கணக்கானோரின் வாழ்க்கையை இது பாதிக்காது என்றார். இந்தியக் கடைகள் நிறைந்த எடிசனின் ஓக் ட்ரீ சாலையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்த இடம் தேடிப் பாருங்கள், அவர் கணிப்பு எப்படி என்று தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்டுப் பாலத்தைக் கடந்த கறுப்பின மக்களைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டியது. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது. அக்டோபரில் குடியேற்றச் சட்டம். நிறத்தை வைத்து உள்நாட்டில் ஓட்டை மறுப்பது தப்பு என்றால், பிறந்த நாட்டை வைத்து விசாவை மறுப்பது எப்படிச் சரியாகும் என்ற கேள்விக்குச் சட்டமியற்றியவர்களிடம் பதில் இல்லாமல் போனது. நம் விசாவில் அவர்கள் வாங்கிய அடியும் சேர்ந்திருக்கிறது. 'நாம் சொந்தத் திறமையால் வந்தோம், அவர்கள் பிரச்சினை வேறு' என்று வகுப்பில் யாராவது தொடங்கினால் நான் கொஞ்சம் குரல் உயர்த்துவது இதனால்தான்.

இந்தியர்கள் 'வெள்ளையர்' என்று வழக்குப் போட்டார்களாமே, உண்மையா?

உண்மை. அப்போது குடியுரிமை 'சுதந்திரமான வெள்ளையருக்கு' என்று 1790 சட்டம் சொன்னது. 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். இரண்டிலும் அடங்காதவர் என்ன செய்வார்? முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்த பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபி உச்ச நீதிமன்றம் வரை போனார். தான் உயர்சாதி, ஆரிய வம்சம், ஆகவே வெள்ளையர் என்பது அவர் தரப்பு வாதம். 1923இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. சாதாரண மனிதன் 'வெள்ளையர்' என்றால் யாரை நினைப்பானோ அவர்தான் வெள்ளையர் என்றது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த பல இந்தியர்களிடமிருந்து அதைப் பறித்தார்கள்.

எனக்கு இந்த வழக்கில் உறுத்துவது தோல்வி அல்ல, வாதம். வேலி தப்பு என்று சொல்லாமல், 'நான் வேலிக்கு அந்தப் பக்கத்து ஆள்' என்று சாதியைச் சாட்சிக்கு இழுத்தது. திண்டுக்கு 1936இல் குடியுரிமை கிடைத்தது, போர் வீரர்களுக்கான ஒரு சட்டத்தின் வழியாக.

இங்கே பிறந்த குழந்தைக்குத் தானாகக் குடியுரிமை என்பது எப்போது வந்தது?

அரசமைப்பில் எழுத்தாக வந்தது 1868இல், 14ஆவது திருத்தத்தில். 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பினத்தவர் அடிமையோ சுதந்திரரோ யாராக இருந்தாலும் குடிமக்கள் ஆகவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிமை முறையை வைத்து வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் முடிந்ததும் அந்தத் தீர்ப்பைப் புதைக்கத்தான் இந்த வரியை எழுதினார்கள். குடியேறியவர் பிள்ளைகளுக்கும் பொருந்துமா என்பது 1898இல் தீர்ந்தது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த சமையல்காரர் வோங் கிம் ஆர்க். சீனா போய்த் திரும்பியவரைத் துறைமுகத்தில் உள்ளே விடவில்லை, வழக்காடி ஜெயித்தார். அவருடைய பெற்றோரால் சட்டப்படி குடிமக்கள் ஆக முடியாது, பிள்ளை குடிமகன்.

2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் போட்ட உத்தரவு, பெற்றோர் தற்காலிக விசாவில் இருந்தால் பிள்ளைக்கு இந்த உரிமை இல்லை என்றது. கீழ் நீதிமன்றங்கள் அதைத் தடுத்தன, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இரு தரப்பும் அலசிய தீர்ப்பு அந்தச் சமையல்காரருடையதுதான்.

நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றால் வீட்டு விலை ஏன் எகிறுகிறது? இதிலும் வரலாறா?

இதில்தான் நிறைய.

பள்ளிச் செலவில் பெரும்பங்கு அந்தந்த ஊரின் பிராப்பர்ட்டி டேக்ஸ். வீட்டு மதிப்பு கூடினால் வரி கூடும், வரி கூடினால் பள்ளிக்குக் காசு, பள்ளி நன்றாக இருந்தால் வீட்டு மதிப்பு மறுபடி கூடும். சரி, முதலில் எந்தத் தெருவில் மதிப்பு கூடியது, அதை யார் தீர்மானித்தார்கள்?

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டுக்கடன்கள் மூழ்கின. மத்திய அரசின் நிறுவனம் ஒன்று 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்து, கடன் கொடுக்க எந்தப் பகுதி பத்திரம் என்று நிறம் தீட்டியது. பச்சை முதல் தரம், சிவப்பு ஆபத்து. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதி என்றால் பெரும்பாலும் சிவப்புதான். 1934இல் தொடங்கிய மத்திய வீட்டுவசதி நிர்வாகம் கடன்களுக்கு உத்தரவாதம் கொடுத்தபோது இதே கண்ணோட்டத்தில்தான் நடந்தது. இனக் கலப்பில்லாத பகுதிகளை விரும்பியது. போருக்குப் பின் புறநகர் வீடுகள் மளமளவென்று எழும்பின. லெவிட் நிறுவனம் நியூ ஜெர்சியில் கட்டிய லெவிட்டவுனில் கறுப்பினத்தவருக்கு வீடு விற்க மறுத்தது. 1960இல் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அந்த ஊரின் இன்றைய பெயர் வில்லிங்போரோ.

வீடு விற்பதில் பாகுபாட்டைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஒரு வாரம் கழித்து வந்தது. அதற்குள் ஒரு தலைமுறை வீடு வாங்கி, மதிப்பு ஏறி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டது. இன்னொரு தலைமுறை வாடகை கொடுத்துக்கொண்டே இருந்தது. பணக்கார ஊர்ப் பள்ளிக்கும் ஏழை ஊர்ப் பள்ளிக்கும் இவ்வளவு வித்தியாசம் கூடாது என்று டெக்ஸாஸின் சான் அன்டோனியோவிலிருந்து பெற்றோர் போட்ட வழக்கு 1973இல் 5க்கு 4 என்று தோற்றது. ஒரே ஒரு நீதிபதி.

வீடு பார்க்கப் போகும்போது பள்ளிக்கு எத்தனை மதிப்பெண் என்று போனில் பார்ப்போம் இல்லையா? அந்த எண்ணுக்குள் இதெல்லாம் இருக்கிறது. நானும் பார்த்துத்தான் வாங்கினேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அடிமை முறை முடிந்து 160 வருஷம் ஆயிற்றே, இன்னும் எதற்குக் கிளற வேண்டும்?

வருஷத்தை எண்ணாமல் ஆட்களை எண்ணிப் பாருங்கள். 1790இல் பிறந்த பத்தாவது அதிபர் ஜான் டைலரின் பேரன் காலமானது 2025 மே மாதம். கொள்ளுப்பேரன் இல்லை, பேரன். உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ஒரு சிப்பாயின் மகளுக்கு அரசு மாதம் 73 டாலர் 13 சென்ட் ஓய்வூதியம் கொடுத்து வந்தது. அந்த அம்மா இறந்தது 2020இல். தந்தைக்கு எண்பது வயது தாண்டிய பிறகு பிறந்தவர். நாம் 'அந்தக் காலம்' என்று சொல்வது இரண்டு ஆயுள் தூரம்தான்.

மேலும் 1865இல் எல்லாம் முடியவில்லை. 1877 வாக்கில் தெற்கிலிருந்து மத்தியப் படைகள் பின்வாங்கியதும், விடுதலை பெற்றவர்களின் ஓட்டுரிமையை, ஓட்டுப் போட வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று பல வழியில் பறித்தார்கள். 1896இல் உச்ச நீதிமன்றம், வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து வைப்பதற்கு 'தனித்தனி, ஆனால் சமம்' என்று ஆசி வழங்கியது. அது போக 1954 ஆனது, அதுவும் பள்ளிகளில் மட்டும். அப்போது பள்ளியில் படித்தவர்கள் இன்று நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள்.

வடக்கே இருக்கும் நாம் சுத்தம் என்று நினைக்கவும் வழியில்லை. நியூ ஜெர்சி 1804இல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது, ஆனால் தவணை முறையில். அந்த ஆண்டு ஜூலை 4க்குப் பின் பிறந்த ஆண்கள் 25 வயது வரையிலும் பெண்கள் 21 வயது வரையிலும் எஜமானிடமே உழைக்க வேண்டும். நாடு முழுதும் அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தம் 1865 டிசம்பரில் அமலுக்கு வந்தது. நியூ ஜெர்சி அதற்குச் சம்மதம் சொன்னது 1866 ஜனவரியில், எல்லாம் முடிந்த பிறகு.

அடிமை முறையை ஒழித்த லிங்கன் ரிபப்ளிகன்தானே? அப்புறம் எப்படிக் கட்சிகள் இடம் மாறின?

ஒரே நாளில் மாறவில்லை. 1930களில் ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்கள் வடக்கு நகரங்களின் கறுப்பின வாக்காளர்களை ஜனநாயகக் கட்சிப் பக்கம் இழுத்தன. 1964இல் ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சிவில் உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். எதிர்த்து ஓட்டுப் போட்ட ரிபப்ளிகன் வேட்பாளர் கோல்ட்வாட்டர் அந்த ஆண்டுத் தேர்தலில் படுதோல்வி. தன் சொந்த அரிசோனா தவிர அவர் ஜெயித்தது ஐந்து மாநிலங்கள்: லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினா. எல்லாம் ஆழ்ந்த தெற்கு, நெடுங்காலம் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த பகுதி. கட்சிப் பெயரைப் பார்க்காதீர்கள், எந்த ஊர் எப்போது யாருக்குப் போட்டது என்று பாருங்கள்.

அதிக ஓட்டு வாங்கியவர் எப்படித் தோற்கிறார்?

2000இலும் 2016இலும் நடந்தது. அதிபரைத் தேர்ந்தெடுப்பது, மாநிலவாரியாகத் தேர்வாகும் 538 எலெக்டர்கள் கொண்ட எலெக்டோரல் காலேஜ் என்ற குழு. 'காலேஜ்' என்றதும் ஒரு மாமா அது எந்த ஊரில் இருக்கிறது, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார்.

1787இல் பிலடெல்பியாவில் இதை வடித்தபோது பல காரணங்கள் இருந்தன, அதில் ஒன்று அடிமைக் கணக்கு. மாநிலத்தின் நாடாளுமன்ற இடங்களையும் அதை வைத்து எலெக்டர்களையும் கணக்கிட ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று உடன்பாடு. அவர்களுக்கு ஓட்டு கிடையாது. அவர்களைக் காட்டி எஜமானர்களின் மாநிலத்துக்குக் கூடுதல் பலம். முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டு அதிபர் நாற்காலியில் வர்ஜீனியாக்காரர்களே இருந்ததில் இதற்கும் பங்குண்டு. இன்று அந்தக் கணக்கு இல்லை, சட்டகம் இருக்கிறது. வயோமிங்கில் சுமார் 1,92,000 பேருக்கு ஒரு எலெக்டர், கலிஃபோர்னியாவில் சுமார் 7,32,000 பேருக்கு ஒருவர்.

ராரிட்டன், பசேயிக், ஹேக்கன்சாக்: இதெல்லாம் என்ன மொழி?

லெனாப்பே மக்களின் மொழி. இது அவர்கள் நிலம். இன்று மத்திய அரசு அங்கீகரித்த அவர்களுடைய சமூகங்கள் இருப்பது ஓக்லஹோமாவிலும் விஸ்கான்சினிலும். ஊர்ப்பெயர் இங்கே, ஊர்க்காரர்கள் அங்கே. அமெரிக்க முதற்குடிகள் அனைவருக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 1924இல். ஆம், குடியேற்றக் கதவைச் சாத்திய அதே ஆண்டு.

நிறவெறியும் நம் ஊர்ச் சாதியும் ஒன்றுதானே?

ஒன்று என்று சொன்னால் இரண்டுமே சரியாகப் புரியாது. ஆனால் ஒப்பிட்டவர்கள் சாமானியர்கள் இல்லை. 1959இல் மார்ட்டின் லூதர் கிங் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றினார், கன்னியாகுமரிக்கும் போனார். திருவனந்தபுரத்தில் தீண்டாமைக்கு உள்ளான குடும்பத்துப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், தலைமையாசிரியர் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர்' என்று அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தன் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, ஆம், நான் அதுதான் என்று ஒப்புக்கொண்டதாக 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் தன் தேவாலயத்தில் அவரே சொன்னார்.

இன்றைக்கு நடப்பதை எல்லாம் 1860 போல, 1930 போல என்று சொல்லிவிடுவது சுலபம். நான் வகுப்பில் வைத்திருக்கும் விதி ஒன்றே: ஒற்றுமை ஒன்று சொன்னால், அதே மூச்சில் வேற்றுமை ஒன்றும் சொல்ல வேண்டும்.

டெக்ஸாஸில் இருக்கும் அக்கா பையன் புத்தகமும் என் பையன் புத்தகமும் வேறு வேறாக இருக்கிறதே?

இருக்கும். நாடு முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் இங்கே கிடையாது, மாநிலம் தீர்மானிக்கும். சந்தேகம் வந்தால் மூலத்துக்கே போங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத்தளத்தில், அடிமையாக வாழ்ந்தவர்களிடம் 1930களில் நேரில் கேட்டு எழுதிய 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் இலவசமாக இருக்கின்றன. ஒன்று சொல்லிவிடுகிறேன்: கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். பயந்து மழுப்பிய இடங்களும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே படியுங்கள்.

குழந்தைகளோடு போய்ப் பார்க்கப் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா?

பெர்த் அம்பாய் போங்கள், எடிசனுக்குப் பக்கத்து ஊர்தான். அங்கே தாமஸ் மண்டி பீட்டர்சன் என்பவர் பள்ளியொன்றில் காவலாளியாகவும் துப்புரவாளராகவும் இருந்தார். நிறத்தைக் காரணம் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்ற 15ஆவது திருத்தம் அமலுக்கு வந்ததாக 1870 மார்ச் 30 அன்று அறிவித்தார்கள். மறுநாள் அவர் ஊராட்சி சாசனம் பற்றிய உள்ளூர் வாக்கெடுப்பில் போய் ஓட்டுப் போட்டார். அந்தத் திருத்தத்தின்படி வாக்களித்த முதல் கறுப்பினத்தவர் அவர். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய மாதம்தான் நியூ ஜெர்சி சட்டமன்றம் அந்தத் திருத்தத்தை நிராகரித்திருந்தது.

1884இல் ஊர்க்காரர்கள் காசு சேர்த்து அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மார்ச் 31 அன்று மாநிலமே அவர் நாளைக் கொண்டாடுகிறது என்றாலும் நாங்கள் ஏப்ரலில்தான் போவோம், காற்று கொஞ்சம் தணிந்திருக்கும். தண்ணீர்க் கரையில் உட்கார இடம் உண்டு. புளிசாதம் நான் கொண்டு வருகிறேன். தட்டு மட்டும் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.